பேலியலில் கொடுத்த டோஸ்ட்

ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஓர் இளைஞன் தொழிற்சாலைக்குக் கூலி வேலைக்கு வந்திருக்கிறான். சங்கத் தலைவர் ஃப்ரெட் கைட் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஒட்ட வெட்டிய தலை, மூக்குக்கு அடியில் சின்ன மீசை, உடம்பை இறுக்கிப் பிடித்த கோட்டு. பேச்சு படிப்பைப் பற்றி வருகிறது. நானும் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்திருக்கிறேன் என்கிறார் கைட். பேலியல் கல்லூரி, 1946, கோடைக்கால வகுப்பு. சாயங்காலம் டீயோடு அங்கே தருகிற டோஸ்ட்டும் ஜாமும் ரொம்ப நன்றாக இருக்கும், உங்களுக்குத்தான் தெரியுமே என்று சேர்த்துக்கொள்கிறார்.

முதல் தடவை இந்தப் படத்தைப் பார்த்தபோது இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, சில நாட்கள், ஒரு பெரிய கல்லூரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். பதிமூன்று வருஷம் கழித்தும் அந்த ஜாமின் ருசி அவர் நாக்கில் இருக்கிறது. எதிரே நிற்கும் பையனுக்கோ அது தினமும் கிடைத்தது. அவனுக்கு அது நினைவிலேயே இருக்காது.

படத்தின் பெயர் 'ஐ யாம் ஆல்ரைட் ஜாக்'. 1959-இல் வந்த பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படம். ஜான் போல்டிங் இயக்கினார், அவரோடு இரட்டையராகப் பிறந்த ராய் போல்டிங் தயாரித்தார். கைட்டாக நடித்தவர் பீட்டர் செல்லர்ஸ். பெயருக்குப் பின்னால் ஒரு கப்பல்காரர் பேச்சு இருக்கிறது: நான் மேலே ஏறிவிட்டேன், ஏணியைத் தூக்கிவிடு. நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு பழமொழி உண்டு. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, ஆறு கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி விண்ட்ரஷ் (இயன் கார்மைக்கேல்) மேல்குடிப் பையன். நல்லவன், வெகுளி. அதிகாரியாக வேலை தேடுகிறான். சோப்புத்தூள் கம்பெனி, சாக்லேட் கம்பெனி என்று போய் எல்லா இடத்திலும் சொதப்புகிறான். மாமா பெர்ட்ரம் ட்ரேஸ்பர்செல் தன்னுடைய ஆயுதத் தொழிற்சாலையில் அவனைச் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்த்துவிடுகிறார். அது பாசத்தால் செய்தது கிடையாது. மாமாவுக்கும் அவருடைய கூட்டாளி காக்ஸுக்கும் ஒரு திட்டம். வெளிநாட்டு அரசு ஒன்றின் ஆர்டர் மாமாவின் கம்பெனியில் இருக்கிறது. அங்கே ஸ்ட்ரைக் வந்தால் ஆர்டர் காக்ஸின் கம்பெனிக்குக் கூடுதல் விலைக்குப் போகும், வித்தியாசத்தை இவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஸ்ட்ரைக் வர வேண்டுமானால் தொழிலாளிகளைச் சீண்ட ஒரு ஆள் வேண்டும். ஸ்டான்லி போதும். காக்ஸாக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. ஆம், 1982-இல் 'காந்தி' எடுத்த அதே அட்டன்பரோதான்.

எனக்கு இந்தப் படத்தின் உயிர்நாடி ஸ்டாப் வாட்ச் வருகிற காட்சி. ஸ்டான்லி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சரக்கை எடுக்கிறான், கொண்டுபோய் வைக்கிறான், திரும்புகிறான். வாட்டர்ஸ் என்று ஓர் ஆள் வருகிறார். எந்த வேலைக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து எழுதுவதுதான் அவர் வேலை. மற்றவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் தலை தெரிந்தாலே கைகள் மெதுவாகிவிடும். ஸ்டான்லிக்குத் தெரியாது. யாரோ ஒருவர் தன் வேலையில் அக்கறை காட்டுகிறாரே என்று சந்தோஷப்பட்டு, தன் இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறான். அவ்வளவுதான். அந்த வேகமே எல்லோருக்கும் அளவாகிவிடுகிறது. கைட் ஸ்ட்ரைக் அறிவிக்கிறார்.

கோடு போட்டு எழுதினால் ஸ்டான்லி செய்த தப்பு என்ன? ஒழுங்காக வேலை செய்தான். ஆனாலும் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேர் முதுகிலும் அவன் சுமை ஏற்றிவிட்டான்.

இந்த ஸ்டாப் வாட்சுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் மிட்வேல் உருக்காலையில் ஃப்ரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் அதைக் கையில் எடுத்தார். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்பது அவர் குறை. ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். வேகமாகச் செய்தால் முதலாளி பீஸ் ரேட்டை, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, குறைத்துவிடுவார் என்று அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் வார்ப்புப் பிரிவுக்குள் ஸ்டாப் வாட்ச் நுழைந்தபோது வார்ப்படத் தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது. கடைசியில் 1915 முதல், அரசு ஆயுதச் சாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்கப் பணம் ஒதுக்கக் கூடாது என்றே சட்டத்தில் எழுதினார்கள். அந்தத் தடை 1949 வரை இருந்தது. கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கடிகாரத்துக்காக!

எனக்கு இந்தக் காட்சி படமாகத் தெரிவதில்லை. நானும் அப்படி ஒருவனாக நின்றிருக்கிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். டிரில்லிங் மெஷின். வார்ப்பை ஜிக் என்கிற பிடிப்பானில் உட்கார வைத்து, கிளாம்பை முறுக்கி, கைப்பிடியைக் கீழே இறக்கினால் துளை விழும். பிரஷ்ஷால் உலோகச் சுருளைத் தட்டிவிட்டு, எடுத்துத் தட்டில் போட்டு, அடுத்தது. ஷிஃப்டுக்கு 400 உருப்படி கணக்கு. பக்கத்து மெஷினில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர். சங்கத்தின் கிளைச் செயலாளர் என்பதால் எல்லோரும் அவரைச் செகரட்டரி அண்ணன் என்போம்.

ஒரு நாள் அட்டையில் காகிதம் செருகிக்கொண்டு ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கே படித்தாய் என்று கேட்டார். நன்றாகச் செய்கிறாயே என்றார். அதைக் கேட்டதும் கைக்கு ஒரு துடிப்பு வந்துவிட்டது. கிளாம்பை ஒரே முறுக்கில் முறுக்கினேன், கைப்பிடி மேலே போவதற்குள் இடது கை அடுத்த வார்ப்பை எடுத்திருக்கும். பக்கத்தில் அண்ணன் என்ன செய்தார் என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. டிரில் பிட்டை நிறுத்தினார். பிரஷ்ஷை எண்ணெயில் தோய்த்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒட்டியிருந்த சுருளை நிதானமாக எடுத்தார். ஜிக்கைத் துணியால் துடைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வயசாகிவிட்டது, சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் போர்டில் 400 அழிந்து 460 என்று இருந்தது. எனக்கு 460 ஒன்றும் பெரிதில்லை, வயசு இருபத்திரண்டு. அண்ணனுக்கு மத்தியானம் தாண்டியதும் வலது தோள் இறங்கிவிடும். கைப்பிடியை இழுக்கக் கையால் முடியாமல் உடம்பையே சாய்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். கைட்டின் வசனங்களில் பேர்போனது ஒன்று. ஸ்டான்லிக்கு வேலை தெரியவில்லை, அனுப்பிவிடுகிறேன் என்கிறார் பர்சனல் மேனேஜர் மேஜர் ஹிட்ச்காக் (டெர்ரி-தாமஸ், பல் இடுக்குச் சிரிப்போடு அட்டகாசமாகச் செய்திருக்கிறார்). திறமை இல்லை என்பதற்காக ஒருவரை நீக்குவது என்ற கொள்கையை எங்களால் ஏற்க முடியாது, அது பழிவாங்கல், விக்டிமைசேஷன் என்கிறார் கைட். இந்த இடத்தில் அரங்கமே சிரித்திருக்கும். வசனமும் சிரிக்கத்தான் எழுதப்பட்டது.

ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1959-இல் பிரிட்டனில், காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் வழக்குப் போடலாம் என்ற பொதுவான உரிமை தொழிலாளிக்குக் கிடையாது. அது 1971-இல் வந்த தொழிலுறவுச் சட்டத்தில்தான் முதன்முதலாக வருகிறது. நீக்குவதற்கு முன் குறைந்தபட்சம் இத்தனை நாள் நோட்டீஸ் என்ற விதிகூட 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். ஆட்குறைப்புக்கு இழப்பீடு 1965-இல். அதாவது கைட் அந்த அறையில் நின்று பேசும்போது, ஒருவன் திறமையில்லாதவன் என்று முடிவு செய்கிற அதிகாரம் முழுக்க மேஜரிடம் இருக்கிறது. நடுவில் நிற்கிற ஒரே வேலி கைட்டும் அவர் பின்னால் வரிசையாக நடந்துவரும் கமிட்டிக்காரர்களும்தான். சட்டம் இல்லாத இடத்தில் வாய்தான் சட்டம். அந்த வாய் கொஞ்சம் கோணலாகத்தான் பேசும்.

அவர் பேச்சில் இருக்கிற விறைப்பும் இதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். கமிட்டி அறிக்கையில் வருகிற மாதிரி நீள நீளமான சொற்கள். சாதாரணமாகச் சொல்ல வேண்டியதைக்கூடத் தீர்மானம் வாசிப்பது போலச் சொல்வார். மேஜருக்கு இந்தச் சொற்கள் தேவையில்லை. அவர் பேசுகிற இங்கிலீஷே அவருக்குப் பதவி. கைட்டுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. சொல் சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் ஆயுதத்தை எடுத்துப் பழகிப் பார்க்கிறார், அது கைக்குச் சரியாக உட்காரவில்லை. ரஷ்யாவைப் பற்றி அவர் கனவு காண்கிற இடமும் அப்படித்தான். கோதுமை வயல்களும், சாயங்காலம் பாலே நடனமும். பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவில் நடனம் பார்க்கிற வாழ்க்கை. ஸ்டாலின் காலத்து ரஷ்யா அப்படி இருக்கவில்லை, அந்த வயல்களில் பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். கைட்டுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனசு வரவில்லை. அந்த அறியாமையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஆசைப்பட்டது என்ன என்று பார்க்கிறேன். வேலை முடிந்த பிறகும் ஒரு மனிதனுக்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதானே.

போல்டிங் சகோதரர்கள் எல்லாத் தரப்பையும் ஒரே மாதிரி அடித்தார்கள் என்பது இந்தப் படத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது. முதலாளி, தொழிலாளி, பத்திரிகை, டெலிவிஷன், யாரும் தப்பவில்லை. இதில்தான் எனக்கு வருத்தம். தராசில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தட்டில் மாமாவும் காக்ஸும். இவர்கள் செய்வது திருட்டு. இதே பாத்திரங்கள் வருகிற முந்தைய படம் 'ப்ரைவேட்ஸ் ப்ராக்ரஸ்' 1956-இல் வந்தது. அதிலும் போர்க்காலத்தில் ராணுவ உடையில் கலைப்பொருட்களைக் கொள்ளையடிக்கிற ஆட்கள் இவர்கள். இன்னொரு தட்டில் சீட்டாட்டம் ஆடுகிற தொழிலாளிகளும் பிடிவாதக்காரரான ஒரு சங்கத் தலைவரும். இரண்டும் சமம் என்று முள் நடுவில் நிற்கிறது. திருட்டும் சோம்பலும் எப்படிச் சமமாகும்? எங்களுக்குப் பக்கமே கிடையாது என்று சொல்கிற தராசு, கனமான தட்டுக்குத்தான் உதவி செய்கிறது.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1957 ஜூலையில் பிரதமர் மெக்மில்லன் பெட்ஃபோர்டில் பேசும்போது, நம் மக்களில் பெரும்பாலானோர் இவ்வளவு நன்றாக ஒருபோதும் இருந்ததில்லை என்றார். வேலையில்லாத் திண்டாட்டம் மிகக் குறைவு. இந்த வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு வேலை. தொழிலாளியின் குரல் முதல் தடவையாக நிமிர்ந்து கேட்ட காலம் அது. படம் வந்தது ஆகஸ்டில். அக்டோபர் தேர்தலில் மெக்மில்லன் கட்சி நூறு இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தது. படத்தால்தான் ஜெயித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சங்கம் என்றாலே சிரிப்பு வருகிற மனநிலை நாட்டில் எப்படி ஊறிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஸ்ட்ரைக்கின்போது ஸ்டான்லி வேலைக்குப் போகிறான். சங்கம் அவனைத் தள்ளி வைக்கிறது. யாரும் பேச மாட்டார்கள், முகம் பார்க்க மாட்டார்கள். பத்திரிகைகளோ அவனை நாட்டின் வீரனாக்கிவிடுகின்றன. இந்த மௌனத்தின் கொடுமையைப் படம் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. மறு வருஷமே 'தி ஆங்க்ரி சைலன்ஸ்' என்ற படத்தில் அட்டன்பரோ தள்ளி வைக்கப்பட்ட தொழிலாளியாகவே நடித்தார். அங்கே சிரிப்புக்கு இடமில்லை. கருங்காலி என்ற சொல்லைச் சுலபமாக வீசுகிறவர்கள் அதை ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் சங்கத்தின் பக்கம் நிற்பவன். நிற்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

படத்தில் முழுக்க ஜெயிக்கிற ஸ்ட்ரைக் ஒன்றே ஒன்று. அதைச் செய்பவர் கைட்டின் மனைவி. ஐரீன் ஹேண்டில் நடித்திருக்கிறார். சமைத்து, துவைத்து, வீட்டைக் கட்டிக் காத்தவர், ஸ்டான்லி விஷயத்தில் கணவரோடு முரண்பட்டு, நானும் ஸ்ட்ரைக் என்று கிளம்பிவிடுகிறார். அதற்கு முன் ஸ்டான்லியின் அத்தை, பெரிய வீட்டுச் சீமாட்டி (மார்கரெட் ரூதர்ஃபோர்ட்), அந்தச் சின்ன வீட்டுக்கு வருகிறார். இரண்டு பெண்களுக்கும் உடனே ஒத்துப்போய்விடுகிறது. ஆண்கள் மாதக்கணக்கில் மேசை போட்டுப் பேசியும் தாண்டாத கோடு அது. சங்கத்துக்கே சட்டம் சொல்லிக்கொடுத்த மனிதர், அழுக்குப் பாத்திரங்களுக்கு நடுவில் தனியாக நிற்கிறார். தன் வீட்டில் யாருக்கு எத்தனை மணி நேர வேலை என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான்.

முடிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஸ்டான்லி, தன்னை வாயடைக்கக் கொடுத்த பணப் பையைத் திறந்து நோட்டுகளை வாரி வீசுகிறான். அரங்கில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்குகிறார்கள். வழக்கு நடக்கிறது, பழி ஸ்டான்லி தலையில். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பணத்தைக் கண்டால் எல்லோரும் ஒன்றுதான் என்பது, இவ்வளவு நுணுக்கமான படம் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் கிடையாது.

அந்தத் தராசைச் சாய்த்தவர் செல்லர்ஸ்தான். இந்தப் பாத்திரத்தை ஏற்க அவர் முதலில் தயங்கினார், இதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று கேட்டார் என்பது பலரும் சொல்லியிருக்கிற செய்தி. சோதனைக்காக அந்த உடையில் நடித்துக் காட்டியபோது படப்பிடிப்புத் தளத்தில் இருந்த தொழிலாளிகளே சிரித்துவிட, அப்புறம்தான் ஒப்புக்கொண்டாராம். அந்த வருஷத்தின் சிறந்த பிரிட்டிஷ் நடிகர் என்று பாஃப்டா விருது இந்தக் கைட்டுக்காகத்தான் கிடைத்தது. நகைச்சுவை எங்கே என்று கேட்ட மனிதர், கடைசி வரை அதைத் தேடவே இல்லை. டோஸ்ட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிச் சிரிப்புக்கூட இல்லை, ஒரு பெருமைதான் இருக்கிறது. எழுதியவர்கள் ஒரு கேலிச் சித்திரத்தைக் கொடுத்தார்கள். அவர் அதற்குள் ஒரு மாணவனை உட்கார வைத்துவிட்டார்.

எங்கள் செகரட்டரி அண்ணனின் டிஃபன் பைக்குள் எப்போதும் பழுப்புக் காகித அட்டை போட்ட ஒரு சட்டப் புத்தகம் இருக்கும். கேட் மீட்டிங்கில் அதிலிருந்து பெரிய பெரிய இங்கிலீஷ் சொற்களை எடுத்துப் பேசுவார். உச்சரிப்பு முன்னே பின்னே போகும். கேன்டீனில் டிப்ளமோ பையன்கள் நாங்கள் அதைப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

போர்டில் 460 ஏறிய வாரம், சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார். நிர்வாகத்துக்கு அவர் எழுதிய இங்கிலீஷ் கடிதம். பயிற்சியில் இருக்கும் ஒருவரின் சில நிமிட வேகத்தை வைத்து எட்டு மணி நேரக் கணக்கைப் போடுவது சரியில்லை என்று இருந்தது. யார் என்று பெயர் இல்லை. அதற்குக் கீழே, இது தொடர்பாக அந்தப் பயிற்சியாளர் மேல் யாரும் எந்தக் குறையும் சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு பத்தி. இரண்டு மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 460 என்பது 430-இல் வந்து நின்றது இந்தக் கடிதத்தால்தான்.

படித்து முடித்துவிட்டு நிமிர முடியாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விக்டிமைசேஷன் என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க தம்பி. விஷயம் சரியாத்தான் இருக்கு."